பழைய சுண்டு எங்கே?

இந்தப் பூமியில் எந்தக் கைபேசியும் அநாதை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பிறக்கும்போதே பதினைந்து இலக்க எண் உண்டு. எந்த மூலையில் கிடந்தாலும் டவர் அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

சுண்டுவின் கைபேசியையும் டவருக்குத் தெரியும். அம்மாவை விட்டால் வேறு யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

புது ஊருக்கு வந்து மூன்று வாரம். அம்மா ஆஸ்பத்திரி வேலை முடிந்து வர ஏழு மணியாகும். அதுவரை வீட்டில் சுண்டுவும் பிரிக்காத நான்கு அட்டைப்பெட்டிகளும்தான். பழைய பள்ளித் தோழி வாலு சொல்லியிருந்தாள்: “எங்க வீட்ல போன் வாங்கினதும் நானே கூப்பிடுறேன்டி. உன் நம்பரை நோட்டு அட்டையில எழுதிட்டேன்.”

கூப்பிடவில்லை. சுண்டு போனைக் குளியலறை வாசல் வரை கொண்டுபோனாள். அது வாயே திறக்கவில்லை.

தெருமுனையில் சுண்டுவின் தாய்மாமாவின் கடை. பலகையில் ‘தொலைத்தொடர்பு நிபுணர்’ என்றிருக்கும். பெரும்பாலும் போனுக்கு உறை மாட்டுவார்.

“மாமா, என் போன் கெட்டுப்போச்சா?”

மாமா எதையோ அழுத்தினார். திரையில் பதினைந்து இலக்கம் வந்தது. “நெட்வொர்க்குக்கு இது எந்தப் போன்னு தெளிவாத் தெரியுது. உன்னைக் கூப்பிடத்தான் ஆளில்ல போல.”

சுண்டு அந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“என் ஃப்ரெண்டு வாலு இந்தப் பதினஞ்சு இலக்க நம்பருக்கா கூப்பிடுவா?”

“சேச்சே. அது போனோட நம்பர். கூப்பிடுறது சிம்மோட நம்பருக்கு. சிம்தான் நீ, போன் வெறும் சட்டை.”

“நான் வந்த அன்னைக்கு சிம்மை மாத்தினீங்களே?”

“ஆமா. புது ஊரு, புது சிம்மு.”

“அப்போ பழைய நான் எங்க மாமா இருக்கேன்?”

மாமா மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். சுண்டு தன் பழைய எண்ணை அழுத்தினாள். மாமாவின் சட்டைப்பையில் மணி அடித்தது.

“வீணாப் போகுதேன்னு என் ரெண்டாவது போன்ல போட்டுக்கிட்டேன்,” என்றார் மெல்ல.

போன் உறை வாங்க வந்த தபால்காரர் சிரிக்கப் போனார். சுண்டு முந்திக்கொண்டாள்: “நல்லவேளை, பத்திரமா வெச்சிருந்தீங்க மாமா.”

மாமா நீட்டிய அந்தப் போனில் ஒரே எண்ணிலிருந்து பதினேழு அழைப்புகள் வந்திருந்தன. எல்லாம் நாலரை மணிக்கு. சுண்டு அதிலிருந்தே அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

“நீயாடி?” என்றது வாலுவின் குரல். “தினமும் ஒருத்தர் எடுத்து, நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ‘நிபுணர் வேலையா இருக்காரு, வைம்மா’ங்கிறாரு. யாருடி அது?”

“எங்க மாமா. நல்லவருதான்.”

மாமா அந்த எண்ணைத் ‘தொல்லை’ என்ற பெயரில் சேமித்து வைத்திருந்தார்.