உள்ளே பன்னிரண்டு, வெளியே பதினொன்று

மாளிகையிலிருந்து வந்த உறுதிக் கடிதத்தில் தேதி சரியாக இருந்தது, நேரம் சரியாக இருந்தது, தோட்டத்தைச் சுற்றிக்காட்ட ஓர் ஆள் வருவார் என்பதும் இருந்தது. கடைசி வரிதான் இடித்தது. ‘உள்ளே பன்னிரண்டு பேர், வெளியே பதினொரு பேர். தங்குபவருக்கு மேல்மாடியில் ஜன்னலோர அறை ஒதுக்கியாயிற்று.’

அவள் பயண அலுவலகத்தில் பதினாறு வருஷமாக ஊர்சுற்றத் திட்டம் போடுகிறவள். ஒரு இருக்கை வீணாகப் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் கறாரம்மா என்றுதான் பெயர். அலுவலகத்தாருக்கென்று வருஷம் ஒருமுறை நடக்கும் சுற்றுலாவும் அவள் தலையில்தான். இந்த வருஷம் முந்நூறு வயசான மாளிகையும் அதன் தோட்டங்களும். அலுவலக ஆட்கள் பத்து, அவளோடு இருக்கும் தங்கை, ஆறு வயசு மகள், ஆகப் பன்னிரண்டு. திட்டம் போடுகிறவள் தன்னை எண்ண மாட்டாள். அவளுக்கு டிரைவர் பக்கத்து இருக்கை, அது தொழில் வழக்கம்.

இன்னொரு வழக்கம் அவளுடையது. போகும்போது மகளுக்கு ஜன்னல் சீட் வேண்டும். வரும்போது தூங்கிப்போய் அம்மா மடியில் கிடப்பாள். அப்புறம் எதற்கு ஒரு சீட்? எந்தப் பயணமானாலும் வேன்காரரிடம் திரும்புகிற கணக்கில் ஒன்றைக் குறைத்தே எழுதுவாள். மாளிகையின் படிவத்திலும் உள்ளே, வெளியே என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. பார்க்கப் போகிற இடத்துக்கு வெளியே வருகிறவர்களின் கணக்கு எதற்கு என்று அந்தக் கறார் மண்டையில் உறைக்கவே இல்லை.

சிரித்துக்கொண்டேதான் போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண். வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசுவது போல மெத்தென்ற குரல். அந்தக் குரலுக்குப் பின்னால், தோட்டத்தில் யாரோ செடி வெட்டும் கத்தரியின் சத்தம் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற அளவு இடைவெளியோடு கேட்டுக்கொண்டிருந்தது. மடிக் கணக்கை இவள் விளக்கினாள். மடியில் வருகிற குழந்தையை நாங்கள் எண்ணுவதில்லை, அதுதான் விஷயம் என்றாள்.

“தெரியுங்க,” என்றது குரல். “அதனாலதான் குழந்தைன்னு எழுதிக்கிட்டோம். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பா?”

போனை வைத்துவிட்டாள். யாரோ விளையாடுகிறார்கள், வேலையத்தவர்கள் என்று தன்னைத்தானே திட்டித் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் பள்ளியிலிருந்து பேசினார்கள். அடுத்த வருஷத்துக்கான மகளின் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டதாம், புத்தகங்களை எப்போது திருப்புவீர்கள் என்று கேட்டாள் டீச்சர். இவள் கத்தியதும் குழம்பிப்போய் மன்னிப்புக் கேட்டாள், ஆனால் பட்டியலில் உங்கள் மகளின் பெயர் இல்லைதான் என்றாள். சாயங்காலம் தங்கை இரண்டே தட்டு வைத்தாள். மகள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். தங்கை தலையில் தட்டிக்கொண்டு, ஏதோ நினைப்புல இருந்துட்டேன் அக்கா என்று மூன்றாவதை எடுத்தாள். குழந்தைக்குத் தலை வாரிவிடுவதும் கதை சொல்வதும் அவள்தான், அவளுக்கே மறந்துவிட்டது. அன்றைக்குப் படுக்கையைத் தட்டிப் போடும்போது, தினமும் சோப்பும் எண்ணெயும் மணக்கிற மகளின் தலையணையிலிருந்து ஈர மண்ணும், வெட்டிப்போட்ட தழையும், வெயில் படாத மூலைகளில் கிளம்பும் புழுங்கிய வாசனையும் சேர்ந்து அவள் முகத்தில் அடித்தது.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்கு இரண்டும் ஆடியது. மறுபடி போன் செய்தாள். பயணமே வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்றாள்.

“செய்யலாங்க. உள்ளே வர்ற கணக்கை அடிச்சிடுவோம். வெளியே பதினொண்ணு அப்படியேதான் இருக்கும். நீங்க வந்தாலும் வராட்டாலும் பதினொரு பேர்தான் இருப்பாங்க.”

அப்படியானால் நான் இருந்துகொள்கிறேன், என்னை எழுதுங்கள் என்று அழுதாள். நீங்கள் பட்டியலிலேயே இல்லையே என்றது குரல், வருத்தப்படுவது போல. உங்கள் கையெழுத்து அடியில் இருக்கிறது, அவ்வளவுதான். பட்டியலில் இருக்கிற வேறு ஒருவரை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். கணக்கு எழுதுகிறவருக்கு மூன்று பிள்ளைகள். டைப் அடிக்கும் பெண்ணுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. எல்லோருக்கும் வாசலில் காத்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் இருந்தது. ஒருத்திக்குத்தான் இல்லை. தங்கைக்காக அழ வேண்டுமென்றால் இவள் ஒருத்திதான் அழ வேண்டும். சரி, அழுதுகொள்கிறேன் என்று முடிவு செய்தாள். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு, அக்கா தங்கைக்குச் சொல்ல வேண்டுமா? போனில் தங்கையின் பெயரைச் சொன்னாள். பக்கத்து அறையில் தங்கை மகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். இவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

எல்லாம் சரியாகிப் போனது. பள்ளியில் தவறு நடந்துவிட்டது, இடம் இருக்கிறது என்றார்கள். தலையணையில் பழைய வாசனை வந்துவிட்டது. அன்றைக்கும் தங்கை இரண்டே தட்டு வைத்தாள். இந்த முறை ஒன்று அக்காவுக்கு, ஒன்று குழந்தைக்கு. தனக்கு எடுக்கவில்லை. பசிக்கலையா என்று இவளும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வயிறாரச் சாப்பிட்டாள், பாவி.

மாளிகைக்குப் போன அன்றைக்கு நல்ல வெயில். ஆனால் தோட்டத்துக்குள் வெயில் இறங்கவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் சுவர் மாதிரி வெட்டி நிறுத்திய செடிகள், அவற்றுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிற பாதை, எங்கே திரும்பினாலும் பின்னாலேயே வருகிற கத்தரிச் சத்தம். அலுவலக ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுத்தார்கள். இவள் மகளின் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. மாளிகையின் கடைசிக் கூடத்தில், கால் வலிக்குது என்று மகள் உட்கார்ந்துவிட்டாள். சுற்றிக்காட்ட வந்த தோட்டக்காரர், நீங்கள் போய் ஆட்களை ஏற்றுங்கள், நான் தூக்கி வருகிறேன் என்றார். எண்ணி ஏற்றுவது அவள் வேலை. எழுதினது எழுதினபடி நடக்கிற இடம்தானே இது, தங்குகிற பெயர் இப்போது குழந்தையுடையது இல்லையே என்று தைரியமாகப் போனாள்.

வேனில் ஏறுகிறவர்களை அவள் எண்ணவில்லை. தங்கை ஏறாததைக் கண்ணால் பார்க்கத் தெம்பில்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோட்டக்காரர் வந்து, போர்வையில் சுற்றிய குழந்தையைக் கதவு வழியாக மடியில் வைத்தார். தூங்குகிறாள், எழுப்பாதீர்கள் என்றார். கதகதப்பாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. யாரும் எதையும் கேட்பதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

“கிளப்புங்க,” என்றாள் டிரைவரிடம்.

வேன் வெளிவாசலைத் தாண்டியது. மடியில் இருந்த முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, பதினாறு வருஷப் பழக்கத்தில், டிரைவரின் கண்ணாடியில் தலைகளை எண்ணினாள்.

பத்து இருக்க வேண்டும்.

பதினொன்று.

மறுபடி எண்ணினாள். பதினொன்று. கடைசி வரிசையில், ஜன்னலோரம், தங்கை. அழுது வீங்கிய முகம். எழுந்து, சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். அக்காவின் காதருகே குனிந்தாள்.

“எனக்கும் போன் பண்ணாங்க. நீ என் பேரைக் குடுத்திருக்கேன்னு சொன்னாங்க. மாத்தணுமான்னு கேட்டாங்க.”

அவள் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குழந்தைன்னு பார்த்தேன், அக்கா. ஒரு நாள் பூரா பார்த்தேன். அப்புறம் அவ பேருக்கே மாத்திட்டேன்.”

கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. முதுகு அகலமாக இருந்தது. இத்தனை நேரம் தெரியவில்லை. மூச்சு விடும் சத்தம் இல்லை. கை நின்றது.

போர்வை அசைந்தது. நகக்கண்ணெல்லாம் மண் அப்பிய ஒரு கை, பெரிய கை, உள்ளேயிருந்து நிதானமாக வெளியே வந்தது. அவள் கையைத் தேடிப் பிடித்தது. பிறகு, பயப்படாதே என்பது போல, மெதுவாகத் தட்டிக் கொடுக்கத் தொடங்கியது.