சாகுமட்டும்

1934 ஐப்பசியில் ஒரு பின்னேரம், தன்னாமுனையில் பூட்டிக் கிடந்த தன் வீட்டை நல்லரத்தினம் திறந்தான். மழை சற்றே ஓய்ந்திருந்தது. அடுத்த திங்களன்று அவனுக்குக் கலியாணம். புதுப்பெண் வருமுன் வீட்டைக் கூட்டிக் கழுவச் சொல்லியிருந்தாள் அக்கா மதலேனாள். மூன்று வருடமாக அவள் வீட்டில்தான் அவன் இருந்தான்.

முதல் மனைவி புஸ்பத்தை வாவி நடுவிலிருந்த குஷ்டரோகிகளின் தீவில் கொண்டுபோய் விட்டதிலிருந்து அப்படி. ஞாயிறுதோறும் வருவதாக அவளிடம் சொல்லிவிட்டுத் தோணி ஏறியவன், ஒரு ஞாயிறும் போகவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அவள் இறந்ததாகக் கடிதம் வந்தது. அடக்கத்துக்கும் போகவில்லை. கடிதத்தைச் சுவாமியாரிடம் காட்டி, புதுக் கலியாணத்தைக் கோயிலில் ஓலை வாசித்து அறிவிக்கக் கேட்டான்.

பூட்டிய வீட்டில் தூசி இருக்கவில்லை.

நீரடிமுத்து எண்ணெய் மணத்தது. தீவில் நோயாளிகளுக்குப் பூசுகிற எண்ணெய். யன்னலைத் திறந்தான். வாவிக்காற்று வந்தது, வாடை போகவில்லை.

அறைக்குள் யாரோ நடந்தார்கள். துணி சுற்றிய பாதம் தரையில் இழுபடும் சத்தம். சற்று நின்று, மறு பாதம்.

அவன் வாசலுக்கு ஓடினான். திறந்து விட்ட கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் விழவில்லை.

ஆனாலும் அசையவில்லை.

"வந்திட்டீங்களா?"

புஸ்பத்தின் குரல். அதில் கோபமே இல்லை. திரும்பிப் பாராமல், கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கெஞ்சினான். கலியாணத்தன்று கோயிலில் கொடுத்த வாக்கு முடிந்துவிட்டது என்றான்.

"சாகுமட்டும் எண்டுதானே புள்ள சொன்னம்," என்று அவளிடமே கேட்டான்.

"ஓம். நான் செத்திட்டன்." குரல் இப்போது காதருகே கேட்டது. "நீங்க இன்னும் சாகல்லையே."

விரல்கள் குறைந்த, ஈரத்துணி சுற்றிய கையொன்று அவன் வலது கைக்குள் நுழைந்தது.

தேடி வந்த அக்கா தள்ளியபோது கதவு இலேசாகத் திறந்தது. அவன் நடந்ததைச் சொன்னான். காய்ச்சல் என்றாள் அவள்.

திங்களன்று பீடத்தின் முன், பெண்ணின் வலது கையைப் பிடிக்கச் சொன்னார் சுவாமியார். நல்லரத்தினத்தின் கை இறுகப் பொத்தியிருந்தது. இரண்டு பேர் சேர்ந்தும் ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. அவன் அழுதுகொண்டே, தீவுக்குப் போகாத ஞாயிறுகளை எல்லோர் முன்னாலும் சொன்னான். பெண்வீட்டார் எழுந்து போனார்கள்.

சுவாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டார். அவன் வீடெங்கும் தீர்த்தம் தெளித்தார். மரணம் அவனை விடுவித்தது உண்மைதான், ஆனால் அவள் உயிரோடிருந்தபோது கைவிட்டதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்றார்.

பிறகு அவன் அந்த வீட்டிலேயே இருந்தான்; அதைவிட்டுப் போக முடியவில்லை. ஒருநாள் ஏறாவூர்ப் பக்கம் நடந்து பார்த்தான். யாரோ பின்னாலிருந்து கையை இழுத்த இழுப்பில் தோள்மூட்டே கழன்றுவிடும் போலிருந்தது. திரும்பிவிட்டான்.

மாசியில் ஒரு மாலை மதலேனாள் அவனுக்குச் சோறு கொண்டு போனாள். உள்ளே செபமாலை நடந்துகொண்டிருந்தது. அவன் முன்பாதியைச் சொல்ல, ஒரு பெண்குரல் பின்பாதியைச் சொன்னது. அயலில் யாரோ துணைக்கு வந்திருக்கிறார்கள் என்று ஆறுதலோடு கதவைத் தள்ளினாள்.

பாயில் அவன் மட்டும் முழங்காலில் இருந்தான். போய்விடு என்று கண்ணால் காட்டினான்.

அவன் வாய் மூடியிருந்தது.

பின்பாதி ஆமென் வரை முடிந்தது. பிறகு, அவன் அடுத்ததைத் தொடங்கட்டும் என்று, யாரோ மூச்சடக்கிக் காத்திருந்தார்கள்.