தொட்டுப் பார்க்காத டாக்டர்

2004-ம் வருஷம், சித்திரை மாத நண்பகல். டிராக்டர் சரிந்து நெஞ்சில் அடிபட்ட கூத்தையாவை, ராமநாதபுரத்தில் இருந்த அந்தச் சின்னத் தனியார் மருத்துவமனைக்கு லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அவன் மனைவி சோலையம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் முருகேஸ்வரி மானிட்டரை மாட்டினாள். திரையில் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது. அவன் கழுத்தில் விரல் வைத்தாள்.

துடிப்பு இல்லை.

உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். "சார், நாடி இல்ல. சீக்கிரம் வாங்க."

டாக்டர் ராமசுப்பிரமணியன் தள்ளி நின்றே திரையைப் பார்த்தார். "கோடுதான் நல்லா ஓடுதே. உசுரோட இருக்கிறவன என்னத்துக்குப் போட்டு அமுக்குற?"

போன மாதம் இதே கட்டிலில், மாடு முட்டிக் கிடந்த பிச்சையம்மாளுக்கும் இதையேதான் சொன்னார். கோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் செத்துப்போனாள். மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போனவள் என்றால் தொட்டுப் பார்க்கவும் கை கூசுமா? அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றதற்காக முருகேஸ்வரி தன்னையும் மன்னிக்கவில்லை.

"மெஷினப் பாக்காதீங்க சார். அது நெஞ்சுல ஓடுற கரண்டத்தான் காட்டும், ரத்தம் ஓடுதான்னு காட்டாது. மனுசனத் தொட்டுப் பாருங்க."

"நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?" அவர் வெளியே போகத் திரும்பினார்.

மருந்து வாடையை அமுக்கிக்கொண்டு மிளகாய் வத்தல் நெடி அறைக்குள் ஏறியது.

டாக்டரின் வலது கை கட்டிலை நோக்கி நீண்டது.

நீட்டியது அவர் இல்லை.

காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தும் அவரால் கையை இழுக்க முடியவில்லை. சட்டைக் கை, யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் கசங்கியது. பிடித்தவரைக் காணோம்.

அந்தப் பிடி அவர் விரல்களைக் கூத்தையாவின் கழுத்தில் வைத்து அழுத்தியது. புடைத்து நின்ற நரம்பில் வைத்தது. ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்த மூச்சுக்குழாயில் வைத்தது. கடைசியில், எழும்பாமல் கிடந்த இடது மார்பில்.

"நெஞ்சுக்குள்ள காத்து அடைச்சு இதயத்த அமுக்குது," என்றார். "பெரிய ஊசி குடு."

ஊசி இறங்கியதும் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. முருகேஸ்வரியின் விரலுக்கடியில் நாடி திரும்பி வந்தது.

"சிஸ்டர்," அவர் கிசுகிசுத்தார். "விடச் சொல்லு."

"யார?"

"தெரியாத மாதிரி கேக்காத. அந்த மிளகாக் காட்டுப் பொம்பளைய."

முருகேஸ்வரி நிமிர்ந்தாள். அவர் மணிக்கட்டில் இப்போது ஒன்றுமில்லை. காலருக்கு மேலே, கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் குழிந்திருந்தது. அந்தக் குழி ஆழமாகிக்கொண்டே போனது.

"சொல்லு சிஸ்டர்."

அவள் சொல்லவில்லை.