தாமதமாக வந்த கைதட்டல்

சினிமாவில் பாட்டு வந்தால் மற்றவர்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். ஏன்குட்டி அப்போதுதான் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காருவாள்.

அவளுக்கு வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தால் முதலில் "ஏன்?" என்றுதான் வரும். அதனால் தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டது.

"அம்மா, ஒரே பாட்டுல அந்த அக்கா அஞ்சு டிரெஸ் மாத்திட்டாங்க. மலை உச்சி வரைக்கும் பெட்டியை யாரு தூக்கிட்டு வந்தது?"

அம்மா தையல்காரர். உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடியே பதில் சொல்வார். "யாரு தூக்கினா என்ன? அஞ்சையும் தைச்சவளை நினைச்சுப் பாரு."

"கொட்டுற மழையில வாயைத் திறந்து பாடுறாங்களே, ஏன் யாருக்குமே புரை ஏறல?"

"எனக்குத் தலை வலிக்குது. அது ஏன்னு மட்டும் கேட்காதே."

இப்படிப்பட்டவள் இருக்கும் தெருவுக்கே ஒரு விடுமுறை நாளில் படப்பிடிப்பு வந்தால் என்ன ஆகும்? ஏன்குட்டி பல் தேய்க்கக்கூட மறந்துபோனாள்.

எடுக்கப்போவது ஒரு பாட்டுக் காட்சி. அம்மாவும் மகளும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு மொட்டை மாடியில் நின்று பாடுகிறார்கள். அம்மா தெருவின் இந்தக் கோடியில், மகள் அந்தக் கோடியில். பாட்டின் கடைசி வரியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூன்று முறை கைதட்ட வேண்டும். அந்தக் கைதட்டலில் சண்டை தீர்ந்துவிடும். அதுதான் கதை.

காலையில் எல்லாம் நன்றாகப் போனது. அம்மாவாக நடித்தவரும் மகளாக நடித்த சின்னப் பெண்ணும் கேமரா இருந்த மாடியிலேயே பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடினார்கள். மத்தியானம் சின்னப் பெண்ணை எதிர்க்கோடி மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே அவள் பாவாடையின் ஓரம் ஆணியில் மாட்டிக் கிழிந்தது. "இங்க யாராவது டெய்லர் இருக்காங்களா?" என்று ஒருவர் தெருவில் ஓடினார்.

அம்மா ஊசி நூலை எடுத்துக்கொண்டார். குண்டூசி டப்பாவை ஏன்குட்டி எடுத்துக்கொண்டாள்.

"வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

"ஏன்?"

"பாத்தியா, வாசலைத் தாண்டறதுக்குள்ளயே ஆரம்பிச்சுட்டே."

முதலில் கேமரா இருந்த மாடியில்தான் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே ஏன்குட்டி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். நடிகை பாடவே இல்லை! யாரோ எப்போதோ பாடி வைத்த பாட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஒலிப்பெருக்கியிலிருந்து வந்தது. நடிகை வாயை மட்டும் அசைத்தார். பாட்டைப் போடுவதற்கென்றே ஒருவர் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் பாட்டுக்காரர் என்றார்கள். அவரும் ஒரு வரிகூடப் பாடவில்லை.

கடைசி வரி வந்தது. நடிகை தட்டினார். பாட்டின் தாளத்தோடு டப், டப், டப். கேமராவில் பதிவதைக் காட்டும் சின்னத் திரையில் எதிர் மாடிப் பெண்ணும் தெரிந்தாள். அவளுடைய கைகள் ஒவ்வொரு முறையும் ஒரு துளி பின்னால் சேர்ந்தன.

"கட்!" இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். "மறுபடியும் லேட்! கை தட்டக் கூடவா தெரியாது? பல்லு முளைக்காத குழந்தை கூடத் தட்டும்யா!"

அவர் சொன்னதை உதவியாளர் வாக்கிடாக்கியில் அப்படியே எதிர் மாடிக்கு அனுப்பினார். 'பல்லு முளைக்காத' என்பதைக்கூட விடவில்லை.

அம்மாவும் ஏன்குட்டியும் தெருவைக் கடந்து எதிர் மாடிக்கு ஏறினார்கள். சின்னப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா. அவர் அவளைப் பட்டாணி என்று கூப்பிட்டார். அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தாள்.

அம்மா பாவாடையைத் தைத்தார். ஏன்குட்டி பட்டாணியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவந்து கன்றியிருந்தது.

"நான் சரியாத்தான்க்கா தட்டுறேன். பாட்டுல 'டம்'முனு வருதுல்ல? கரெக்டா அங்கதான் தட்டுறேன்."

"சார் தப்புன்னா தப்புதான் கண்ணு. எதிர்த்துப் பேசாதே" என்றார் அவள் அப்பா.

"நீங்க பக்கத்துலயேதானே நிக்கிறீங்க? உங்களுக்குத் தப்பாவா தெரிஞ்சுது?" என்று கேட்டாள் ஏன்குட்டி.

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் சரியாத்தான் தெரியுது. ஆனா அவங்கள்லாம் பெரிய ஆளுங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

பெரிய ஆளுங்களுக்கு ஒன்று புரியாவிட்டால், அங்கே இருப்பவர்களிலேயே சின்ன ஆள் மீது பழி போடுவார்கள். ஏன்குட்டி இதைப் பள்ளிக்கூடத்தில் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"டேக்!" என்ற குரல் வந்தது. அம்மாவும் ஏன்குட்டியும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். தூரத்தில், கேமராவுக்கு முன்னால் ஒருவர் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கிளாப் பலகையை நீட்டினார். அதன் வாய் மூடியது.

அதற்குப் பிறகுதான் 'டக்' என்று கேட்டது.

ஏன்குட்டிக்கு மூக்கு அரித்தது. முக்கியமான கேள்வி வரும்போதெல்லாம் அவளுக்கு அப்படித்தான். அந்த மாடியில் நின்றபோது பலகை மூடியதும் சத்தமும் ஒன்றாகத்தானே வந்தன? இங்கே ஏன் சத்தம் பின்தங்கி வருகிறது?

பாட்டு ஓடியது. பட்டாணி தட்டினாள். தாளத்தோடு அச்சாக ஒட்டிக்கொண்டது. ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. "லேட்டு! சார் சொல்றாரு, இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான். அதுலயும் சொதப்பினா பாப்பா வீட்டுக்குப் போகலாம். அம்மா மட்டும் பாடட்டும்."

பட்டாணியின் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டாணி அழவில்லை. கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் ஏன்குட்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அம்மா, நான் அந்த மாடிக்குப் போறேன்."

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

ஏன்குட்டி அதற்குள் இரண்டாம் படியில் இருந்தாள்.

மூச்சிரைக்க மேலே ஏறிப் பாட்டுக்காரரிடம் போனாள். "அண்ணா, பாட்டு அந்த மாடிக்கு லேட்டாப் போய்ச் சேருது."

அவர் ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை நகர்த்தினார். "பாட்டு என்ன பஸ்ஸா, லேட்டா வர? ஓரமா நில்லு பாப்பா."

உதவியாளரிடம் போனாள். அவர் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. "டீ கீழே குடுக்கறாங்க, போ" என்றார்.

ஏன்குட்டி யோசித்தாள். சொன்னால் கேட்க மாட்டார்கள். சரி, கண்ணால் பார்க்கட்டும்.

நேராக இயக்குநரிடம் போய் நின்றாள்.

"சார், அந்தப் பாப்பாவுக்கு எப்படித் தட்டறதுன்னே புரியல போலிருக்கு. நீங்களே அங்க போய் ஒரு தடவை தட்டிக் காட்டுங்களேன், சார்."

இயக்குநர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டார். "பாருங்கய்யா, இந்தப் பொண்ணுக்கு இருக்கிற அறிவு கூட உங்க யாருக்கும் இல்ல. நானே போறேன். கேமராவை ஓட விடுங்க. எப்படித் தட்டணும்னு அந்தப் பாப்பாவுக்குப் போட்டுக் காட்டலாம்."

ஐந்து நிமிடத்தில் தூரத்து மாடியில் தொப்பி தெரிந்தது. பாட்டு ஓடியது. கடைசி வரி வந்தது. இயக்குநர் காலை அகட்டி நின்று கம்பீரமாக மூன்று முறை தட்டினார்.

கேமரா மாடியில் எல்லோருடைய கண்ணும் திரையில்தான் இருந்தது.

சின்னத் திரையில் அவருடைய கைகள், மூன்று முறையும், ஒரு துளி பின்னால்தான் சேர்ந்தன.

"லேட்டு" என்று தன்னை மறந்து முணுமுணுத்தார் உதவியாளர். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். நடிகை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழவில்லை, சிரித்தார்.

வாக்கிடாக்கியில் இயக்குநர் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

உதவியாளர் மெதுவாக, "நீங்களே வந்து பாத்துடுங்க சார்" என்றார்.

வந்தார். பார்த்தார். "மறுபடி போடு" என்றார். மறுபடியும் பார்த்தார். "நான் சரியாத்தானேய்யா தட்டினேன்! 'டம்'முனு வர்ற இடத்துல கரெக்டா!"

"பட்டாணியும் இதையேதான் சொன்னா, சார்" என்றாள் ஏன்குட்டி.

இந்த முறை எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அந்த மாடியில இருந்து பாத்தா, கிளாப் பலகை முதல்ல மூடுது. சத்தம் அப்புறம்தான் வருது. கண்ணுக்கு உடனே தெரிஞ்சுடுது சார். சத்தம் மட்டும் தெருவைத் தாண்டி வரணும், அதுக்குக் கொஞ்சம் நேரமாகுது. ஒலிப்பெருக்கி நம்ம பக்கத்துல இருக்கு. நமக்கு உடனே கேட்குது. அவளுக்குப் பிந்திக் கேட்குது. கேட்டதும் தட்டுறா. இங்கிருந்து பாத்தா லேட்டா தெரியுது."

பாட்டுக்காரர் ஹெட்போனை மொத்தமாகக் கழற்றித் தலையில் கை வைத்தார். "ஐயையோ! காலையில ரெண்டு பேரும் இங்கேயே நின்னாங்க. பாப்பாவை அங்க அனுப்பினோம், அவளுக்குன்னு ஒரு பெட்டியை அனுப்பலையே! தப்பு என்னோடது சார்." பிறகு ஏன்குட்டியைப் பார்த்துச் சிரித்தார். "பாட்டும் பஸ் மாதிரிதான் போலிருக்கு."

சின்ன ஒலிப்பெருக்கி ஒன்றை எடுத்தார். மாடிக்கு மாடி நீளமான கம்பி இழுத்துக்கொண்டு போய், பட்டாணியின் காலடியில், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள்.

"அண்ணா, கம்பியில பாட்டு உடனே போயிடுமா?"

"கண் மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்."

"அப்ப இந்தப் பெரிய பெட்டிச் சத்தமும் பின்னாலயே அங்க போகுமே? அவளுக்கு ரெண்டு தடவை கேட்காதா?"

பாட்டுக்காரர் ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு பெரிய ஒலிப்பெருக்கியின் சத்தத்தைக் குறைத்தார்.

இயக்குநர் வாக்கிடாக்கியைக் கையில் வாங்கினார். தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்டு அந்த வாய்க்குப் பழக்கமில்லை என்பது நன்றாகவே தெரிந்தது.

"பட்டாணி... கை வலிக்குதாம்மா?"

"வலிக்குது சார்."

"நீ சரியாத்தான் தட்டியிருக்கே. எங்க மேலதான் தப்பு. இன்னும் ஒரே ஒரு தடவை தட்டறியா?"

"தட்டறேன் சார். ஆனா யாரும் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டோம்."

"அப்பாவும்."

"அப்பாவும்."

பாட்டு ஓடியது. இந்த மாடியில் படத்து அம்மா பாடினார். அந்த மாடியில் மகள் பாடினாள். கடைசி வரி வந்தது. நான்கு கைகளும் ஒரே நேரத்தில் சேர்ந்தன. டப். டப். டப். நடுவில் ஒரு தெருவே இருக்கிறது என்பது மறந்துபோனது.

"ஓகே!" என்று இயக்குநர் கத்தினார். தொப்பி வானத்துக்குப் பறந்து பக்கத்து வீட்டுக் கொல்லையில் விழுந்தது.

ஏன்குட்டி கைப்பிடிச் சுவரில் எக்கி எதிர் மாடியைப் பார்த்தாள். பாட்டு நின்றுவிட்டது. கேமராவையும் அணைத்துவிட்டார்கள். பட்டாணி அவளைப் பார்த்துவிட்டாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, அவளுக்காக மட்டும், ஒரே ஒரு முறை தட்டினாள்.

கைகள் சேர்ந்ததை ஏன்குட்டி பார்த்தாள். சத்தம் கிளம்பிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

வந்து சேர்ந்தது.