ஆறிக்கொள்ளும் ஜெல்

வெள்ளிக்கிழமை இரண்டாக வெட்டி, தட்டின் இரு முனைகளிலும் தள்ளி வைத்த ஜெல் ஞாயிறு மதியம் தட்டின் நடுவில் ஒரே துண்டாகக் கிடந்தது.

வேதியியல்காரி முதலில் யாரையோ திட்டினாள். வெட்டிய பக்கங்களைச் சேர்த்து வைத்தால் காயம்போல் தானே ஆறிக்கொள்ளும் ஜெல் அது. அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். ஆனால் சேர்த்து வைக்க ஒரு ஆள் வேண்டுமே. அறைச் சாவி அவளிடம். ஜன்னல் இல்லாத அந்த அறையில் நைட்ரஜன் குழாயின் சீறலும், பம்பு தொண்டையைச் செருமும் ஓசையும், சூடான எண்ணெய் வாசனையும்தான் துணை. தட்டு இருந்த காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில், வெளியிலிருந்து கைவிட்டு வேலை செய்யப் பொருத்திய இரண்டு கறுப்பு ரப்பர் கையுறைகள், உள்ளே அடைத்த வாயு தள்ள, அவளை நோக்கி விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன.

வலது கையுறையில் போன வாரம் ஊசி ஓட்டை விழுந்தது. அதை மாற்றும்போது காற்று புகுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் பாழ். நாளைக்கு நிபுணர் குழு வேறு வருகிறது. சொந்தச் சரக்கு இருக்கும்போது வேறு ஒட்டு எதற்கு என்று அதே ஜெல்லைத் தடவி அடைத்துவிட்டு, அக்காவிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள். அக்காவுக்கு இதே மையத்தில் உயிரியல் பிரிவில் வேலை. ஜெல்லில் கலந்த புரதம் அவள் கொடுத்தது.

"என் புரதம் காயத்தைத் தேடிப் போகும். எது காயம்னு அதுக்கு யாருடி சொல்லித் தர்றது?" என்று அப்போது அக்கா சிரித்தாள்.

துண்டை எடுத்துப் பார்க்க வலது கையுறைக்குள் கையை விட்டாள். உள்ளே ஈரம். வியர்வை என்று நினைத்தாள். கையை உருவியபோது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்றாக வந்தன.

வலி இல்லை. ஒட்டிய கோடுகூட இல்லை. இரண்டு நகங்கள், ஒரே விரல்.

இடது கையால் போன் செய்தாள். "அக்கா, உடனே வாயேன். விரல் ஒட்டிக்கிச்சு."

"பசையைக் கொட்டிக்கிட்டியா? இரு, வர்றேன்."

காத்திருக்கப் பொறுமை இல்லை. இடது கையால் விரலைப் பிரிக்கப் பார்த்தாள். இடது உள்ளங்கையும் வலது கையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. பல்லால் கடித்தாள். வாயில் சில்லென்று ஈரம். சட்டென முகத்தை விலக்கினாள்.

அப்போதுதான் புரிந்தது. இடைவெளி எல்லாமே அதற்குக் காயம்.

அக்கா தொடக் கூடாது. வாசலிலேயே நிறுத்தவேண்டும். அது ஒன்றுதான் இனி முக்கியம். கத்தப் பார்த்தாள்.

வாய் திறக்கவில்லை.

கதவு திறந்தது. கூப்பிய கைகளைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு. "எனக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய கும்பிடு?"

இவள் பின்வாங்கினாள். சுவர். தலையை ஆட்டினாள்.

"பயப்படாதே, காட்டு." அக்கா இரண்டு கைகளாலும் பற்றினாள். இழுத்தாள். சிரிப்பு நின்றது.

"என்னடி இது? விடு... விடுடி!"

அக்காவின் கைகள் வரவில்லை. கத்திக்கொண்டே கடித்துப் பிரிக்கக் குனிந்தாள். இவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அக்கா பார்க்கவில்லை.

கத்தல் பாதியில் நின்றது.

அறையில் மூக்கால் மூச்சு வாங்கும் சத்தம். இரண்டு பேருடையது. இவளுடைய மேலுதட்டிலிருந்து ஈரம் மெல்ல ஊர்ந்து ஏறி, மூக்குத் துவாரத்தின் ஓரத்தைத் தொட்டது.