கடைசிப் பெட்டி கடக்கும் வரை

முதல் விளக்கு எரியக் கூடாது. எரிந்தது.

கேபின்காரர் கையிலிருந்த சால்டரிங் அயர்னைத் தாங்கியில் சாய்த்துவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்தார். படுக்கையறைத் தரையில், சுவரோரமாகப் போட்ட பிளைவுட் பலகையின்மேல், மூலையிலிருந்து அறைவாசல்வரை அது ஒரே நேராக ஓடியது. பொம்மை ரயிலுக்கான தண்டவாளம். இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஒரு விரலைக் கிடத்தலாம், அவ்வளவுதான். அதன்மேல் இன்னும் ஒரு பெட்டியைக்கூட அவர் ஏற்றவில்லை. இன்ஜின் அட்டைப்பெட்டிக்குள் பஞ்சுமேல் படுத்திருந்தது. வெளியே மூன்று நாளாக விடாத மழை. மாலை நாலு மணிக்கே அறை மங்கிவிட்டது. சுவரில் ஈரம் பூத்திருந்தது. உருகிய ஈயத்தின் புகை வெளியேற வழி தெரியாமல் அவர் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது.

முப்பத்தோரு வருஷம் சிக்னல் கேபினில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவர் கேபின்காரர். கோபம் வந்தால் மனைவியும் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். உண்மையில் அவர் ரயிலைப் பார்த்ததைவிட விளக்கைப் பார்த்ததே அதிகம். இங்கேயும் அதே ஏற்பாட்டைச் சின்னதாகச் செய்திருந்தார். தண்டவாளத்தை மூன்றடிக்கு ஒரு துண்டாக வெட்டி, துண்டுகளுக்கு இடையே மின்சாரம் தாவாதபடி பிளாஸ்டிக் இணைப்பு கொடுத்திருந்தார். ஒவ்வொரு துண்டிலிருந்தும் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் பேட்டரிக்கும், ஒரு பலகையில் வரிசையாகப் பதித்த குட்டிச் சிவப்பு விளக்குகளுக்கும் போயின. சக்கரம் எந்தத் துண்டின்மேல் நிற்கிறதோ அந்த விளக்கு எரியும். நகர்ந்தால் அணையும். விளக்கு எரிந்தால் வண்டி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அது.

ஈயம் சிந்தியிருக்கும் என்று குனிந்து பார்த்தார். இல்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கம்பிகளுக்கு நடுவே தேய்த்தார். உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். விளக்கு அணைந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் இரண்டாவது எரிந்தது. பிறகு மூன்றாவது. பிறகு வாசலை ஒட்டிய நாலாவது. ஒவ்வொன்றாக எரிந்து, அணைந்து, பிறகு ஒன்றுமில்லை.

ராத்திரி தங்கை போன் செய்தாள்.

"சாப்பிட்டியா அண்ணா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்ட, அதச் சொல்லு."

அவர் மேடையில் கிடந்த காலி பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தார்.

"தெரியும். இங்க வந்துடேன். மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. அங்க தனியா சுவத்தப் பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்கு இருப்ப?"

"ரயில் வேலை பாதில நிக்குதும்மா. முடிச்சிட்டு வரேன்."

"பொம்மை ரயிலுக்கு முடிவுன்னு ஒண்ணு இருக்கா என்ன?"

மறுநாளும் அதே நாலு மணி. அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து வெறுமனே கவனித்தார். முதல் விளக்கு எரிந்து, பத்து எண்ணும்வரை அப்படியே இருந்தது. பிறகு இரண்டாவது. ஒரு நிறுத்தம். மூன்றாவது. இன்னொரு நிறுத்தம்.

இந்த நடை அவருக்குத் தெரியும்.

மனைவி மதியம் தூங்கி நாலு மணிக்கு எழுவாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முட்டி இரண்டும் சொன்னபடி கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கால்களைத் தரையில் ஊன்றுவாள். சுவரைப் பிடித்தபடி கொஞ்சம் நடப்பாள், நிற்பாள், கொஞ்சம் நடப்பாள். அடுப்படிக்குப் போய் டீ போடுவாள். அவள் போய் எட்டு மாதமாகிறது. பாதி காலியான கட்டிலில் படுக்க மாட்டாமல் மூன்றாம் மாதமே அதைக் கீழ்வீட்டு வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார். கட்டில் கிடந்த இடத்தில்தான் தண்டவாளம். அவள் கால் ஊன்றும் இடம்தான் முதல் துண்டு.

"முட்டி இப்ப எப்படி இருக்கு?" என்று காலி அறையைப் பார்த்துக் கேட்டார். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. ஆனால் எட்டு மாதத்தில் அன்றுதான் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

வாசலுக்கு அப்பால் அவள் எங்கே போகிறாள் என்று தெரிய வேண்டும் அல்லவா. அவர் வேலையில் இறங்கினார். அறைவாசலைத் தாண்டிக் கூடத்துச் சுவரோரமாகப் பலகையை நீட்டினார். ஆணி அடித்தார், ஒயர் இழுத்தார், ஈயம் வைத்தார், ஊதினார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எட்டாவது துண்டு அடுப்படி வாசலில் முடிந்தது. அன்று மாலை எட்டு விளக்குகளும் முறையாக எரிந்து அணைந்தன. அடுப்படிக்குத்தான் போகிறாள். நாலு மணிக்கு முன்னாலேயே அவர் இரண்டு டம்ளர் டீ போட்டு, ஒன்றை அடுப்படி மேடையில் வைக்கத் தொடங்கினார். அது ஆறி ஏடு கட்டும். ராத்திரி அதையும் அவரே குடித்துவிடுவார்.

ஒரு வாரம் அப்படிப் போனது. பிறகு மனசு இன்னும் கொஞ்சம் கேட்டது. அடுப்படி வாசலிலிருந்து தண்டவாளத்தை வளைத்து, கூடத்து மூலையில் அவர் உட்காரும் நாற்காலிவரை கொண்டுவந்தார். ஒன்பது. பத்து. பத்தாவது துண்டு நாற்காலியைச் சுற்றி அரைவட்டமாக முடிந்தது.

"ஒரு தடவ என் பக்கமும் வாயேன்," என்றார்.

புதன்கிழமை, இரண்டாவது விளக்கு எரிந்தபோது முதல் விளக்கு அணையவில்லை.

ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே என்று நிற்கிறாள் போல. அப்படித்தான் நினைத்துக்கொண்டார். ஆனால் கூடத்துக்கு ஒரு வாடை வந்தது. அவள் முட்டிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாடை வருமென்று எத்தனையோ நாள் மூக்கை நீட்டியிருக்கிறார். இது அதுவல்ல. நனைந்த இரும்பு. அதற்கு அடியில், வெகுகாலம் மூடிக்கிடந்த பள்ளத்தைத் திறந்தாற்போல் ஒன்று. வியாழக்கிழமை மூன்று விளக்குகள் சேர்ந்து எரிந்தன. மூன்றும் சேர்ந்தே நகர்ந்தன.

மும்மூன்று ஒன்பது. ஒன்பதடி.

டம்ளரைக் கீழே வைத்தார். அதுவரை தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. தினமும் அது மூலையிலிருந்துதான் கிளம்பியது. ஒரு நாள்கூட மூலைக்குத் திரும்பிப் போனதில்லை. இன்னொன்றும் தோன்றியது. புதிதாகப் போட்ட தடத்தில் முதலில் தனி இன்ஜினை மட்டும் மெதுவாக விட்டுப் பார்ப்பார்கள். நின்று நின்று போகும். தடம் தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் பெட்டிகளைக் கோப்பார்கள்.

அன்றைக்கு அவரே தங்கைக்குப் போன் செய்தார்.

"நான் வந்துடறேன்மா. நாளைக்கே."

"என்னண்ணா, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"தனியா இருக்க முடியல."

"இத எட்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாள். "காலைல வண்டி எடுத்துக்கிட்டு நானும் அவரும் வரோம்."

காலையில் வரவில்லை. மழை வலுத்துவிட்டது. அவர் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மூன்றரைக்குச் சாரல் படிவரை அடித்து, வேட்டி தொடைவரை நனைந்தது. மாற்றிக்கொள்ள உள்ளே போனார். மாற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைத் தேடிய காலுக்கு அது அகப்படுவதற்குள் போன் அடித்தது.

"அண்ணா, பாலத்துல தண்ணி ஏறிடுச்சு. சுத்திக்கிட்டு வந்தோம். இப்ப தெருமுனைலதான் இருக்கோம். நீ படி எறங்க வேணாம், வழுக்கும். எங்கிட்ட சாவி இருக்கு, நானே மேல வரேன்."

"இல்ல, நான் கீழ வந்துடறேன்."

எழுந்தார். படுக்கையறையில் பலகை முனகியது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு.

வாசற்கதவு எதிர்ச்சுவரில். அவருக்கும் கதவுக்கும் நடுவே தண்டவாளம். நாற்காலியைச் சுற்றி அவரே வளைத்துப் போட்டது. உயரம் அரை விரல்கூட இல்லை, குழந்தைகூடத் தாண்டிவிடும். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. தடத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் குறுக்கே போகிறவனுக்கு என்ன ஆகும் என்பதை அவர் பார்த்திருக்கிறார். கோணிச்சாக்கோடு போய்ப் பொறுக்கியிருக்கிறார்.

மறுபடி உட்கார்ந்தார். விளக்குப் பலகையை மடியில் இழுத்துக்கொண்டார். பேட்டரியை எடுத்தார். சிவப்பு ஒயரை மாட்டினார். கறுப்பு ஒயர் இரண்டு முறை விரலிலிருந்து நழுவியது. மூன்றாம் முறை மாட்டியது.

ஒன்றிலிருந்து ஐந்துவரை எரிந்தன.

அறைவாசலைப் பார்த்தார். ஒன்றுமில்லை. பலகை மட்டும் கீழே அழுந்தியது. தண்டவாளத்தின் பிளாஸ்டிக் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்தன. அவர் அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்துத் தரையில் உருண்டன.

ஆறு.

எதுவும் அணையவில்லை.

கடைசிப் பெட்டி கடக்கட்டும். கடந்துவிட்டால் முதல் விளக்கு அணையும். அது அணைந்துவிட்டால் பின்பக்கமாகத் தாண்டி ஓடிவிடலாம். முதல் விளக்கையே பார்த்தார். இமைக்கவில்லை.

ஏழு. எட்டு.

அடுப்படியில் நிற்கவில்லை. திரும்பியது. கூடத்தில் இருந்த வெளிச்சம் அவ்வளவும் பழுப்பாகிவிட்டது. நனைந்த இரும்பு வாடை பல்லில் ஒட்டியது.

ஒன்பது.

கீழே காரின் கதவு சாத்தும் ஓசை. படியில் செருப்புச் சத்தம், மழையோடு. தங்கையின் குரல், மூச்சிரைக்க.

"அண்ணா, வந்துட்டேன்."

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பூட்டுக்குள் சாவி திரும்பியது.

பத்து.

கால்கள் இரண்டையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். முழங்கால்மேல் ஏதோ குளிர்ந்தது. மூச்சைப் போல, விட்டு விட்டு. கூடத்துச் சுவர் நெடுக, அடுப்படி வாசல்வரை, அவர் காலடிவரை, பலகை முழுவதும் தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது. மடியில் பத்து விளக்குகளும் சிவப்பாக எரிந்தன. முதல் விளக்கு அணையவில்லை. படுக்கையறை மூலையில் பலகை இன்னும் முனகிக்கொண்டிருந்தது, கட்டைக்குப் பின் கட்டையாக, கட்டைக்குப் பின் கட்டையாக, உள்ளிருந்து வெளியே.