நாற்பத்து நான்கு முறை பணிநீக்கம்

அரசு வேலைக்கு ஆள் பொறுக்கும் பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, அது அடிக்கும் கூத்தை விசாரிக்க ஒரு அலுவலகம் திறந்திருந்தார்கள். அங்கே மொத்தம் இரண்டே பேர். விசாரணை அதிகாரியான அம்மாளுக்கு மற்றவர்கள் வைத்திருந்த பெயர் நிதானம். ஒரு தாளைக் கையில் எடுத்தால், பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். உதவியாளருக்கு அவசரம் என்று எப்படிப் பெயர் வந்தது என்பதை அவரோடு ஐந்து நிமிடம் இருந்தாலே தெரிந்துகொள்ளலாம்.

அன்று காலை கதவைத் திறந்த கையோடு இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். குடிநீர் வாரியத்தின் தபால் பிரிவில் எழுத்தராக இருப்பவளும், அவளுடைய நாத்தனாரும். பேசியதெல்லாம் நாத்தனார்தான். அண்ணி பதினொரு வருஷமாகத் தற்காலிக வேலையில் இருக்கிறாளாம். இப்போது அதே வேலைக்கு நிரந்தர இடம் வந்திருக்கிறது. விண்ணப்பித்தால் இயந்திரம் தள்ளிவிட்டது. மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் வெளியாகிவிடும். அடுத்த வாரம் அண்ணிக்கு வயது வரம்பு தாண்டுகிறது, பிறகு ஜென்மத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது. நிராகரித்த காரணத்தைக் கேட்டால் தரவேண்டும் என்பது புதுச் சட்டம். அப்படிக் கேட்டு வாங்கிய சீட்டை அவள் மேசைமேல் வைத்தாள்.

அதில் ஒரே ஒரு வரி: 'முந்தைய பணியிலிருந்து நாற்பத்து நான்கு முறை நீக்கப்பட்டவர்.'

அவசரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொலைகாரனைக்கூட ஒரு தடவைதானே வேலையை விட்டுத் தூக்குவார்கள்!

"என்னை ஒரு நாள்கூட யாரும் வராதேன்னு சொன்னதில்ல மேடம்," என்றாள் எழுத்தர்.

நிதானம் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. இயந்திரம் சொல்லும் காரணத்தை ஒரு மனிதர் படித்து, சரிபார்த்து, கையெழுத்துப் போடவேண்டும் என்பதும் சட்டம். போட்டிருந்தவர் வாரியத்தின் கண்காணிப்பாளர்.

பத்தரை மணிக்கெல்லாம் வாரியத்தில் இருந்தார்கள். கண்காணிப்பாளர் தங்கமான மனிதராகத்தான் தெரிந்தார். எழுத்தரைப் பற்றிக் கேட்டதும் வாய் ஓயாமல் புகழ்ந்தார். மழையோ வெயிலோ, இத்தனை வருஷத்தில் விடுப்பு என்று அவள் எடுத்ததே அபூர்வம், அவள் இல்லாவிட்டால் ஒரு தபால் வெளியே போகாது என்றார். இயந்திரம் ஏதோ உளறியிருக்கிறது, அதை யார் என்ன செய்யமுடியும் என்று கையை விரித்தார்.

இயந்திரத்தை நிறுவிய கம்பெனியின் பொறியாளருக்கு உளறல் என்ற சொல் சுருக்கென்று தைத்தது. வாரியத்தின் தலைமை அலுவலகம் கொடுத்த பணிப்பதிவை அப்படியே படிக்கவைத்தோம், ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை என்று கணினியிலேயே காட்டினார். அது உண்மையாகவும் இருந்தது.

மதியத்துக்குள் அவசரம் மூச்சிரைக்க ஓடிவந்தார். தேர்வானவர்களில் ஒருத்தி கண்காணிப்பாளரின் மச்சினியாம். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில்.

"ஒரு மச்சினிய உள்ள கொண்டுவர ஒருத்திய வெளிய தள்ளினா போதுமே," என்றார் நிதானம். "அங்க தற்காலிகமா இருக்கிற பதினேழு பேரையும் இதே காரணத்துக்குத் தள்ளியிருக்கு. அவருக்கு அத்தனை மச்சினியா?"

அவசரத்தின் முகம் சுருங்கிவிட்டது. நிதானம் அந்த நாற்பத்து நான்கு தேதிகளையும், மற்ற பதினாறு பேரின் தேதிகளையும் தலைமை அலுவலகத்திலிருந்து வரவழைத்தார். பிறகு தபால் பிரிவுக்குப் போய், பசை டப்பாவையும் எடைத் தராசையும் தள்ளிவைத்துவிட்டு, பதினொரு வருஷத்து அனுப்புகைப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இடையில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து அவசரம் பார்த்ததே இல்லை.

மூன்று மணிக்கு எல்லோரையும் கண்காணிப்பாளரின் அறைக்கு வரச்சொன்னார்.

"இந்தத் தேதிகளைப் பாருங்க," என்று தாளை நீட்டினார். "ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சரியா மூணு மாசம். தப்பா ஏறின பதிவு இவ்வளவு ஒழுங்கா இருக்காது. ஒருத்தர் மேல கோபம்னாலும் பதினேழு பேருக்கும் ஒரே தேதி வராது. இது வழக்கமா நடக்கிற வேலை. இடைவெளி இல்லாம ரெண்டு வருஷம் வேலை பார்த்தா நிரந்தரம் ஆக்கணும்னு விதி இருக்கு. அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு நாளைக்கு, காகிதத்துல வேலையை விட்டு நீக்கிட்டு மறுநாளே சேர்த்துக்கறது. சரிதானே?"

கண்காணிப்பாளர் தாளை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். தனக்கு முன்னால் இருந்தவரும் இதைத்தான் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் இதைத்தான் செய்தார் என்றார். "அந்தக் காகிதத்தை யாரும் படிக்கமாட்டாங்கன்னு நினைச்சோம் மேடம்."

"இயந்திரம் படிச்சிடுச்சு. நீங்களும் படிச்சீங்க. படிச்சுப் பார்த்தேன், சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க. பொய்னு உங்களுக்குத் தெரியும். சொன்னா மத்ததெல்லாம் வெளிய வரும்னு வாயை மூடிக்கிட்டீங்க."

அவர் தலை கவிழ்ந்தது. காலையில் அந்த மனுஷன் புகழ்ந்த புகழ்ச்சியெல்லாம் எதற்கு என்று அவசரத்துக்கு இப்போதுதான் புரிந்தது.

"பொய்ங்கறதுக்கு என்ன ஆதாரம்னு மேலிடத்துல கேப்பாங்க," என்று நிதானம் பதிவேட்டைத் திறந்தார். "ஒவ்வொரு தடவையும் நீக்கல் உத்தரவு ஒட்டின உறையில இங்கிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கு. அதே தேதியில, அந்த உறைக்கு எண் போட்டுப் பதிவு பண்ணியிருக்கிறது யார் கையெழுத்துன்னு பாருங்க."

எழுத்தர் எட்டிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான். வேலையில் இல்லாத அந்த நாளில் வேலைக்கு வந்து, தன்னை நீக்கிய உறைக்குத் தானே தபால்தலை ஒட்டி, தானே எண் போட்டு அனுப்பியிருந்தாள். நாற்பத்து நான்கு தடவை! பாவி மனுஷர்கள், ஒரு தடவையாவது வேறு ஆளிடம் கொடுத்திருக்கக்கூடாதா?

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். நிதானம் பட்டியலை நிறுத்திவைக்கும் உத்தரவை எழுதிக் கையெழுத்திட்டு, எழுத்தரின் பக்கம் திரும்பினார்.

"நீங்க இதுக்கு விண்ணப்பமே போட்டிருக்க வேண்டியதில்லம்மா. வயசு வரம்பும் உங்களுக்குக் கிடையாது. ஒன்பது வருஷமா நீங்க நிரந்தர ஊழியர். மத்த பதினாறு பேர் கணக்கையும் இனிமே பார்க்கணும்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று அவசரம் எதிர்பார்த்தார். அவளோ விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு கண்காணிப்பாளரை நேராகப் பார்த்தாள்.

"சார், நாலு வருஷம் முன்னாடி என் பொண்ணு பொறந்து பன்னிரண்டாம் நாள் நான் வேலைக்கு வந்தேன். தற்காலிகத்துக்குப் பிரசவ லீவு கிடையாது, வரலைன்னா வேற ஆளப் போட்டுடுவேன்னு நீங்கதான் சொன்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அப்போ எனக்கு லீவு இருந்திருக்கு. இல்லையா சார்?"

பதிலைக் கேட்காமல் போவதில்லை என்று அவள் அங்கேயே நின்றாள்.